எல்மர் கீத்தும் மெதுவான மருந்தும்

‘மேக்னம்’னு பேரைக் கேட்டதுமே, மருந்தை அள்ளி அள்ளிப் போட்டிருப்பாங்கன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். தேடிப் படித்தால் கதை வேறு.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர் எல்மர் கீத். 1920-களில் தன் .45 ரிவால்வருக்குத் தோட்டாக்களைத் தானே கையால் அடைத்துக்கொள்வார். கனமான குண்டு, நிறைய கருமருந்து. ஒருநாள் சுட்டபோது தோட்டா இருக்கும் உருளையே பிளந்தது. கை தப்பியதே பெரிசு! பிறகு .44 ஸ்பெஷலுக்கு மாறினார். துளை கொஞ்சம் சிறிசு. அதே உருளையில் சுவர் அந்தளவுக்குத் தடிப்பு.

சுவர் மட்டும் போதுமா? வேகமாக எரியும் மருந்து, குண்டு நகரத் தொடங்கும்போதே அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றிவிடும். 1930-களில் ஹெர்குலஸ் கம்பெனியின் 2400 என்ற மருந்து வந்தது. மெதுவாக எரியும், குண்டு குழலுக்குள் ஓடும்போதும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். குட்டைக் குழலில் தீப்பிழம்பும் சத்தமும் அதிகம்தான். கீத் அதை விடவில்லை. இதைவிடப் பலமான .44 வேண்டும் என்று வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்.

1955 கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னத்தை உருவாக்கிவிட்டன. தோட்டாக் கூட்டை மட்டும் எட்டில் ஒரு அங்குலம் நீட்டினார்கள். மருந்துக்கு இடம் பத்தாமல் இல்லை. யாராவது தெரியாமல் பழைய.44 ஸ்பெஷல் துப்பாக்கியில் போட்டால், உள்ளே போகக் கூடாது.