மரப்பு ஊசியின் வேதனை

கத்தியின் வேதனை மனிதனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த மருந்து, சதைக்குள் இறங்குகிற அந்தச் சில விநாடிகளில் தானே ஒரு வேதனையைக் கொடுத்துவிட்டுத்தான் தன் காரியத்தைத் தொடங்குகிறது என்பது, பல் பிடுங்கிக்கொண்டவர்களும் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டவர்களும் நன்கறிந்த விஷயம். அந்த எரிச்சலுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஆதியில் இந்த மருந்துக்கு ஊசியே தேவைப்படவில்லை. 1884-ஆம் ஆண்டில், வியன்னா நகரத்தில் கார்ல் கோலர் என்ற இளம் வைத்தியர், கோக்கா இலையிலிருந்து எடுத்த கோக்கெய்னை நீரில் கரைத்து, முதலில் தவளையின் கண்ணிலும் பிறகு தம் கண்ணிலும் சொட்டுவிட்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டும் உணர்ச்சி தோன்றாததைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மகாநாட்டுக்குச் செல்ல அவரிடம் பணம் இல்லாமையால், அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசிக்க, உலகம் அதைக் கேட்டு வியந்தது. ஆனால் கண்ணுக்கும் தொண்டைக்கும் சொட்டு மருந்தே போதும் என்றாலும், தோல் அதை உள்ளே விடாது. ஆகவே, 1853-லேயே வழக்குக்கு வந்துவிட்ட துளை ஊசியின் துணையை வைத்தியர்கள் நாடினார்கள். அங்கேதான் தொல்லையும் ஆரம்பமாயிற்று.

இந்தத் துறையில் நான் பெரிதும் மதிக்கிறவர் பெர்லின் நகரத்துக் கார்ல் லுட்விக் ஷ்லைக். மற்றவர்கள் செறிந்த கரைசல்களைத் தாராளமாகப் பிரயோகித்து நோயாளிகளை விஷத்துக்கு இரையாக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்கு கோக்கெய்ன் கலந்த நீர்த்த கரைசலே, சதை புடைக்கும்படி ஏற்றினால், அறுவைக்குப் போதும் என்று அவர் நிரூபித்தார். அதோடு, வெறும் நீரை ஏற்றினாலும் அவ்விடம் மரத்துப்போகிறது, ஆயினும் மரத்துப்போகுமுன் கடுமையாக வலிக்கிறது என்பதையும், சிறிது உப்பைச் சேர்த்தால் அந்த வலி தணிகிறது என்பதையும் கவனித்தார். மருந்தின் குணம் வேறு, அது கரைந்திருக்கும் திரவத்தின் குணம் வேறு என்னும் பேதத்தை உணர்ந்தவர் அவர். 1892-ஆம் ஆண்டில் ஜெர்மன் சஸ்திர சிகிச்சையாளர் சபையில், இவ்வளவு நிர்த்தோஷமான முறை இருக்கும்போது, அது போதுமான இடங்களில்கூட நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்துவது நியாயமாகாது என்று அவர் சொல்லிவிட, சபை கொதித்தெழுந்து அவரை அவமதித்தது. பின்னாளில் அதே முறை ஐரோப்பாவெங்கும் பரவியது.

அதன் பிறகு மருந்துகள் வேகமாக மாறின. 1903-இல் ஹைன்ரிஹ் பிரவுன் என்ற வைத்தியர் அட்ரினலினைச் சேர்த்து மருந்தை ஊசி போட்ட இடத்திலேயே தங்கச் செய்தார்; 1905-இல் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெய்ன் என்ற மருந்து வந்தது; 1943-இல் ஸ்டாக்ஹோமில் லோஃப்கிரென் என்பவர் லிடோகெய்ன் என்ற மருந்தை உருவாக்கினார்; 1948-இல் அது சைலோகெய்ன் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது.

இவ்வளவு முன்னேற்றத்துக்கும் நடுவே எரிச்சல் மட்டும் ஏன் நீடித்தது? லிடோகெய்ன் நீரில் கரைந்து கெடாமல் இருக்கவேண்டுமானால் கரைசலுக்கு அமிலத்தன்மை வேண்டும். அட்ரினலின் சேர்ந்துவிட்டாலோ, அது சிதையாமலிருக்க இன்னும் அதிக அமிலம் வேண்டும். நம்முடைய இரத்தத்தின் அமில-கார அளவு 7.4 என்றால், அட்ரினலின் கலந்த குப்பியினுடையது சுமார் 4 தான். குப்பி அலமாரியில் மாதக்கணக்காகக் கெடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சேர்த்த அமிலத்தின் எரிச்சலை, குப்பியைத் திறந்த பிறகு நோயாளி அனுபவிக்கிறான். பெரிய வேதனையை வென்றுவிட்ட திருப்தியில் வைத்தியர் இந்தச் சிறிய வேதனையைக் கணக்கில் வைக்கவில்லை. கத்தியிலிருந்து தப்பிய நன்றியில் நோயாளியும் முறையிடவில்லை.

பரிகாரமோ மிக எளிது. 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசலில் ஒரு பங்கை, லிடோகெய்ன் ஒன்பது அல்லது பத்துப் பங்கோடு, ஊசி போடும் தறுவாயில் கலந்தால் அமிலம் தணிகிறது, எரிச்சலும் குறைகிறது. 1980-களில் இதைச் சோதித்துக் கண்டார்கள். பிற்காலப் பரிசோதனைகளும் உறுதிப்படுத்தின. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தில் சேர்த்தால் மருந்து படிந்துவிடக்கூடும். கலந்த மருந்து நெடுநாள் நிற்காது என்பதனால்தான் ஆலைகள் அதை அப்படியே அடைத்து அனுப்புவதில்லை. மருந்தை உடல் வெப்பத்துக்குச் சூடாக்குவதும், மெல்லிய ஊசியைக் கையாள்வதும், சதை திடீரென்று விரிந்து வலிக்காதபடி மெதுவாகச் செலுத்துவதும் துணைசெய்கின்றன. பல் வைத்தியர் ஊசி போடும்போது கன்னத்தைப் பிடித்து அசைப்பதற்கும் காரணம் உண்டு: தொடு உணர்ச்சி வலியின் வழியை அடைக்கக்கூடும் என்று மெல்ஸாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-இல் விளக்கினார்கள்.

இவற்றில் எதற்கும் அதிகச் செலவில்லை. ஓரிரண்டு நிமிஷப் பொறுமைதான் வேண்டும். கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் அந்த நிமிஷமும் அரிது என்பது மெய்யே. ஆயினும் கையைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது ஒரு குழந்தையாயிருந்தால், அதை மறுப்பதற்கு நியாயம் ஏதுமில்லை. வைத்திய நண்பர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வாசகர்களும், ‘சற்று மெதுவாகப் போடுங்கள், ஐயா’ என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.