யாருக்கு யார் சல்யூட் அடிப்பது?

போர் மூண்டால் ஆள் வேண்டும். அப்போது நிறமும் இனமும் பின்னுக்குப் போய்விடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் சேர்ந்தார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகக் கடல் கடந்த இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஆள் எடுக்க வழி கண்ட இரண்டு படைகளும் ஒரே கேள்வியில் முட்டி நின்றன: இவர்களுக்கு ஒரு வெள்ளையர் சல்யூட் அடிப்பதா?

அமெரிக்காவின் பதிலுக்குக் கறுப்பின அதிகாரி சார்லஸ் யங் சாட்சி. 1889இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறியவர்; 1917இல் ஜெனரல் பதவியை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே இருக்க மாட்டேன் என்ற ஒரு வெள்ளை அதிகாரியின் முறையீடு ஜனாதிபதி வில்சன் வரை போயிற்று. ரத்த அழுத்தத்தைக் காரணம் காட்டி யங்கை ஓய்வில் அனுப்பினார்கள். மறு வருடம், 54 வயதில், ஒஹாயோவிலிருந்து வாஷிங்டனுக்குச் சுமார் 800 கிலோமீட்டர் குதிரையிலேயே வந்து தன் உடல்தகுதியைக் காட்டினார். திரும்ப அழைத்தது, போர் முடிய ஐந்து நாள் இருந்தபோது!

பிரிட்டிஷ் இந்தியப் படையில் இந்தியருக்கான உச்சப் பதவியில் இருந்த நரைத்த மீசை சுபேதார் மேஜர், நேற்று வந்த வெள்ளை லெப்டினன்ட்டுக்கு சல்யூட் அடித்தார். 1918இல் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடம் கிடைத்தது. 1923இல், இந்திய அதிகாரிகளை எட்டுப் பிரிவுகளுக்குள் அடைக்கும் திட்டம் வந்தது. வெள்ளையர் இந்தியருக்குக் கீழே வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

வேறுபாடும் உண்டு. அமெரிக்கா கறுப்பர் எல்லோரையும் ஒரே வரிசையில் தள்ளி வைத்தது. பிரிட்டிஷார் இந்தியரையே தரம் பிரித்தார்கள். ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்று இந்தியப் படைத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு வைத்திருந்த பட்டியலில் தமிழருக்கு இடமில்லை. மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாதபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது. பட்டியலில் இருந்தவர்களுக்கோ புகழ் கிடைத்தது, தலைமை கிடைக்கவில்லை.

1948 ஜூலை 26 அன்று, படையில் நிறபேதம் கூடாது என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டார். ஆறு மாதம் நிறைவதற்குள், 1949 ஜனவரி 15 அன்று, இந்தியரான கரியப்பா இந்தியப் படையின் தலைமைத் தளபதியானார். அமெரிக்காவில் கறுப்பரான காலின் பவல் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக 1989 ஆனது.

இந்த 40 வருட இடைவெளிக்கு விடை, இருவரும் படைக்குள் நுழைந்த வருடங்களில் இருக்கிறது. கரியப்பா அதிகாரியானது 1919இல். பவல் 1958இல், கறுப்பருக்கென்று ஒதுக்கிய கடைசிப் பிரிவும் கலைந்து நான்கு வருடம் கழித்து. தலைமைக்கு வர ஒருவருக்குச் சுமார் 30 வருடம், மற்றவருக்கு 31.

தளபதியை வெளியிலிருந்து கொண்டுவந்து அமர்த்த முடியாது. லெப்டினன்ட்டாகச் சேர்த்துத்தான் வளர்க்க வேண்டும். ஒரு படை சிறுபான்மையினரை மதிக்கிறதா என்று அறிய, எத்தனை சிப்பாய்கள் என்று எண்ணினால் போதாது. இந்த வருடம் அதிகாரிகளாகத் தேறியவர்களின் அணிவகுப்பில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 30 வருடம் கழித்து சல்யூட் வாங்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.