லிட்டில் மோர்ட்டன் ஹால்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், காங்கிள்டன் நகருக்குத் தென்மேற்கே சுமார் 7 கி.மீ. தொலைவில் அகழி சூழ நிற்கும் மரச்சட்டக மாளிகை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 1610 வரை, மோர்ட்டன் என்னும் நிலக்கிழார் குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறையினர் இதைப் பகுதி பகுதியாகக் கட்டினர். ஒரே திட்டத்தில் எழாமல் குடும்பத்தோடு வளர்ந்ததே இவ்வீட்டின் தனிச்சிறப்பு.

கட்டுமானம்: கல் அடித்தளத்தின் மேல் ஓக் மரச் சட்டங்களைப் பொருத்தி, இடைவெளிகளை அடைத்துச் சாந்து பூசினர். இன்று காணும் கறுப்பு வெள்ளைத் தோற்றம் 19ஆம் நூற்றாண்டு ரசனையின் விளைவு. தொடக்கத்தில் மரத்துக்குச் சாயம் பூசவில்லை. அது வெயிலிலும் மழையிலும் வெள்ளி நிறம் கொண்டது. சாந்துப் பகுதிகள் காவி மஞ்சளாக இருந்தன.

வளர்ச்சி: பழமையான பகுதியாகிய பெருங்கூடம் முதலாம் வில்லியம் மோர்ட்டன் காலத்தது (சுமார் 1504–08). 1559இல் இரண்டாம் வில்லியம் முற்றத்தை நோக்கி இரண்டு அடுக்குச் சாளரங்களை அமைத்தார். அவற்றின் மேல் அவர் பெயரோடு தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயரும் செதுக்கப்பட்டுள்ளது. கைவினைஞர் ஒருவருக்குக் கிடைத்த அரிய மதிப்பு இது. இரண்டாம் வில்லியத்தின் மகன் ஜான் வாயில்மாடத்துடன் கூடிய தென்பகுதியை எழுப்பினார். அதன் உச்சியில் சுமார் 21 மீட்டர் நீளக் கூடம் ஒன்று வேலையின் இடையே சேர்க்கப்பட்டது. அதன் கற்பலகைக் கூரையின் பாரம் தாங்காமல் கீழ்த்தளங்கள் வளைந்தன. அவ்வளைவுகளே இன்று வீட்டின் அடையாளம். கூடத்தின் இரு முனைகளிலும் உள்ள சுதைச் சிற்பங்கள், ராபர்ட் ரெக்கார்ட் 1556இல் வெளியிட்ட வானியல் நூலின் படங்களைப் பின்பற்றியவை.

சரிவும் மீட்சியும்: உள்நாட்டுப் போரில் குடும்பம் அரசர் பக்கம் நின்றது. 1643இல் நாடாளுமன்றப் படையினர் வீட்டைக் கைப்பற்றித் தங்கினர். கடன் பெருகி நிலங்கள் விற்கப்பட்டன. 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் குடும்பம் வெளியேற, உழவர்கள் குத்தகைக்குக் குடியேறினர். புதுப்பாணிக்கு மாற்றப் பணமில்லாததே பழைய வடிவத்தைக் காத்தது. 1892இல் உரிமை பெற்ற துறவி எலிசபெத் மோர்ட்டன் சிற்றாலயத்தைச் சீரமைத்தார். எக்காலத்தும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, 1912இல் வீடு அவருடைய உறவினர் சார்லஸ் ஆபிரகாம் ஆயரிடம் சேர்ந்தது. 1938இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பொறுப்பேற்றது. 1976இல் சுவர்ப்பலகைகளுக்குப் பின்னால் பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. தற்போது பொதுமக்கள் பார்வையிடலாம்.