பக்கவாத்தியக் கலைஞர் லியான் ரஸ்ஸல்

இசைத்தட்டின் உறையில் பாடகரின் பெயர் பெரிதாக விளங்கும். ஊதியத்துக்குப் பக்கவாத்தியம் வாசித்தோரின் பெயர் பெரும்பாலும் இராது. அமெரிக்க ராக் இசையில் அவ்விதம் தொழில் தொடங்கியவர் லியான் ரஸ்ஸல்.

1942-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்த அவருக்கு வலப்புறம் பிறவியிலேயே வலுக் குன்றியிருந்தது. ஆயினும் பியானோ பயின்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களை அடைந்தார். 1965-இல் ‘பேர்ட்ஸ்’ குழுவின் முதல் வெற்றிப் பாடல் பதிவானபோது, அக்குழுவினருள் கருவி வாசித்தவர் ஒருவரே. ஏனையோர் ரஸ்ஸல் உள்ளிட்ட ஊதியக் கலைஞர்கள். புகழோ குழுவுக்குச் சென்றது.

1970-இல் தம் பெயரிலேயே இசைத்தட்டு வெளியிட்டார். 1971 ஆகஸ்டு 1-ஆம் நாள், வங்கதேச அகதிகளுக்காகப் பண்டித ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரியில் மேடையேறினார். அவர் இயற்றிய ‘திஸ் மாஸ்குரேட்’ பாடலுக்கு 1977-இல் கிராமி பரிசு கிடைத்தது. ஆனால் அப்பரிசு பாடிய ஜார்ஜ் பென்சனுக்கும் தயாரிப்பாளருக்குமே உரியதாயிற்று.

நெடுங்காலம் மங்கியிருந்தவரை எல்ட்டன் ஜான் தேடிச் சென்று, 2010-இல் அவருடன் இணைந்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். மறு ஆண்டு ராக் அண்டு ரோல் புகழரங்கம், முன்னர்ப் பக்கவாத்தியக்காரர்களுக்கென வகுத்திருந்த பிரிவிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. 2016-இல் அவர் மறைந்தார்.

பிறர் எழுத்தைத் தமிழாக்கும் பணியிலுள்ள எனக்கு, அந்த மரியாதை காலந்தாழ்ந்து வந்ததாயினும் சிறியதாகத் தோன்றவில்லை.