தற்சோதனை: பெரிய இலக்குக்கு மாற்றாகச் சிறிய பரிசோதனை

தற்சோதனை என்பது ஒருவர் தம் அன்றாட வழக்கங்களில் ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துவைத்து, அந்த மாற்றத்தைத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் முறை. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் இங்கே ஒருவரே. “பத்து கிலோ குறைப்பேன்”, “விடியற்காலை நான்கு மணிக்கு எழுவேன்” என்ற வகையான பெரிய இலக்குகள் சேர வேண்டிய இடத்தைச் சொல்கின்றன. அங்கே போகும் வழி ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கின்றன. அந்த வழி தம் உடலுக்கும் வேலை நேரத்துக்கும் குடும்பச் சூழலுக்கும் ஒத்துவருமா என்பது பெரும்பாலும் யாரும் கேட்டுப் பார்க்காத கேள்வி. இலக்கு தவறியவரை மன உறுதி இல்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவரிடம் குறைவாக இருந்தது பல நேரங்களில் தம்மைப் பற்றிய தகவல்தான். அந்தத் தகவலைச் சேர்க்கும் வழி என்பதால் தற்சோதனையை இலக்குக்கு முன்னால் வைக்க வேண்டும்.

இம்முறை பழையது. இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராக இருந்த மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து தம் எடையையும், உண்டதையும் கழித்ததையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, முடிவுகளை 1614-இல் நூலாக்கினார். அமெரிக்க அரசியல் அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்து, தவறிய நாள்களில் குறிப்பேட்டில் கரும்புள்ளி இட்டார். ஒழுக்கத்தில் முழுமை பெறுவது அவருடைய இலக்கு, அது கைகூடவில்லை. ஒழுங்கு என்ற குணம் கடைசிவரை தமக்கு வசப்படவில்லை என்று அவரே எழுதினார். ஆயினும் தாம் நினைத்ததைவிடக் குறைகள் அதிகம் என்பதையும், அவை குறைந்துவருகின்றன என்பதையும் அந்தக் குறிப்பேடு அவருக்குக் காட்டியது. இலக்கு தோற்ற பிறகும் பதிவு பயன்பட்டது.

இவர்களையெல்லாம்விட வலுவான சான்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹவுஸ். மறதியை அளக்க விரும்பிய அவருக்கு ஆய்வுக்கூடமும் இல்லை, சோதனைக்கு ஆள்களும் இல்லை. பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300-ஐ உருவாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். 20 நிமிடம் முதல் 31 நாள் வரை வெவ்வேறு இடைவெளிக்குப் பின் அதே பட்டியலைத் திரும்பப் படித்து, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் கரைந்துபோவதாகக் கண்டார். அதற்குப் பிறகு மறதியின் வேகம் வெகுவாகக் குறைந்தது. 1885-இல் வெளியான இந்த முடிவு ஒரே ஒரு மனிதரின் தலையிலிருந்து வந்தது. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர், மீண்டும் ஒரே ஒருவரைக் கொண்டு, அதே சோதனையைச் செய்தபோது கிட்டத்தட்ட அதே வளைகோடு கிடைத்தது. எபிங்ஹவுஸைக் காப்பாற்றியது அவருடைய கண்டிப்பு. படிக்கும் வேகத்தை மாற்றவில்லை, நாளின் எந்நேரத்தில் படிக்கிறோம் என்பதையும் கட்டுக்குள் வைத்தார், எண்களை எழுதிவைத்தார்.

இலக்குகள் ஏன் உடைகின்றன என்பதற்கு உணவு ஆராய்ச்சியில் தெளிவான விடை இருக்கிறது. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பின் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற மனநிலைதான். விதி ஒரு முறை உடைந்ததும் அன்றைய நாள் முழுவதும் கணக்கில் இல்லாததாகிவிடுகிறது. பரிசோதனையில் இருப்பவருக்கு அதே தவறல் பதிவுக்குரிய ஒரு செய்தி: எந்த நாளில், எந்த வேளையில், எதற்குப் பிறகு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய பழக்க ஆய்வும் இதற்கு வலுச் சேர்க்கிறது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் என்று அதிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது என்பதே அதில் முக்கியமான செய்தி. இத்தனை விரிந்த இடைவெளியில் அடுத்தவருடைய சராசரியை நம் கெடுவாக வைத்துக்கொள்வதில் பொருளில்லை. நடுவே ஒரு நாள் தவறுவதால் பழக்கம் குலைவதில்லை என்றும் அதே ஆய்வு காட்டியது.

இதற்கு எதிராக முதலில் வைக்கப்படுவது எட்வின் லாக்கும் கேரி லேத்தமும் பல பத்தாண்டுகள் வளர்த்த இலக்குக் கோட்பாடு. “முடிந்ததைச் செய்” என்று சொல்வதைவிடத் தெளிவான, கடினமான இலக்கைக் கொடுத்தால் வேலை சிறக்கிறது என்பதற்கு அவர்கள் திரட்டிய சான்று ஏராளம். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: வேலை எப்படிச் செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். ரூத் கான்ஃபரும் பிலிப் அக்கர்மனும் 1989-இல் இதைக் காட்டினார்கள். அமெரிக்க விமானப் படையில் சேர்ந்தவர்களை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற ஒரு கணினிப் பணியில் பயிற்றுவித்தபோது, கற்கத் தொடங்கிய கட்டத்திலேயே இலக்கு விதித்தது தடையானது. வேலை ஓரளவு கைவந்த பிறகு விதித்த இலக்கு உதவியது. இலக்கைப் பற்றிய கவலையே கற்பதற்கு வேண்டிய கவனத்தைத் தின்றுவிடுகிறது. தூக்கம், உணவு, கோபம், கவனச் சிதறல் ஆகியவற்றில் நம்மில் பெரும்பாலோர் அந்த முதல் கட்டத்தில்தான் இருக்கிறோம். ஆகவே சோதனை முதலில், இலக்கு பிறகு என்ற வரிசையே இலக்குக் கோட்பாட்டுக்கும் பொருந்துவது.

இரண்டாவது ஆட்சேபம் கடுமையானது. ஒரே ஆள், எதைச் சோதிக்கிறோம் என்பதில் மறைப்பு ஏதுமில்லை, விளைவு இப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு வேறு. இதில் என்ன தெரிந்துவிடும்? இந்தச் சந்தேகம் நியாயமானது என்பதற்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட சோதனையே சாட்சி. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை உடல் உபாதை காரணமாக நிறுத்தியிருந்த 60 பேருக்கு 12 புட்டிகள் தரப்பட்டன: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் புட்டி. மாதம் ஒரு புட்டி, கலைத்துப்போட்ட வரிசையில். தினமும் உபாதைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. போலி மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. உபாதை உண்மை, காரணம் பெரும்பாலும் மருந்தன்று, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணம். அவர்களது பழைய அனுபவம் அவர்களைத் தவறாக வழிநடத்தியிருந்தது. ஒழுங்காக அமைத்த சோதனை அதைத் திருத்தியது. தத்தம் முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். ஒருவரைப் பற்றிய கேள்விக்கு அந்த ஒருவரிடமே விடை பெறலாம், ஆனால் முறை வேண்டும்.

அந்த முறை வீட்டில் செய்யக்கூடியதே. மாலை காபி தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று அறிய விரும்புபவர், நாலு மணிக்கு மேல் காபி குடிக்கும் வாரம், குடிக்காத வாரம் என்று மாற்றி மாற்றி வைத்து, எந்த வாரம் முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்யலாம். தினமும் காலையில், படுத்து எவ்வளவு நேரத்தில் தூக்கம் வந்தது என்பதை மட்டும் எழுதினால் போதும். எவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் வழக்கத்தை மாற்றுவேன் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவைப்பது இன்றியமையாதது. பிறகு எழுதினால் மனம் தனக்குப் பிடித்த முடிவை நோக்கிக் கணக்கை வளைக்கும். பழைய வழக்கத்துக்குத் திரும்பும் வாரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது பெரும் பிழை. பொதுவாக நாம் மிக மோசமான நாள்களில்தான் மாற்றத்தைத் தொடங்குகிறோம். மோசமான நாள்களுக்குப் பின் சராசரியான நாள்கள் தாமாகவே வரும். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் விளக்கிய, சராசரியை நோக்கித் திரும்பும் போக்கு இது. பழைய வழக்கத்துக்குத் திரும்பும் வாரம் இல்லாவிட்டால் அந்த இயல்பான தேறுதலின் பெருமை முழுவதும் புதிய பழக்கத்துக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்க முடியாது. கற்ற மொழியை அடுத்த வாரம் கற்காததாக்க இயலாது என்பதால் மாற்றி மாற்றிப் பார்க்கும் முறை அங்கே செல்லாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்திப் பார்ப்பதும், குடிநோய் உள்ளவர் திடீரென்று குடியை நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்தாகலாம். ஸ்டாட்டின் சோதனை மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது.

பெரிய நோக்கம் இல்லாமல் சோதனைகளாகவே வாழ்ந்தால் வாழ்க்கை திசையற்றுப் போகாதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதற்குக் காந்தியின் வாழ்க்கை நல்ல விடை தருகிறது. 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்து, தமிழில் ‘சத்திய சோதனை’ எனப்படும் தன்வரலாற்றில், லண்டனில் மாணவராக இருந்தபோது செய்த உணவுச் சோதனைகளை அவர் விரிவாகச் சொல்கிறார். மசாலாவை விட்டார், தேநீரையும் காபியையும் விட்டார், மாவுப் பண்டங்களைச் சில காலம் தள்ளிவைத்தார். முட்டை உண்ணும் சோதனையும் அவற்றில் ஒன்று. இரண்டு வாரம்கூட அது நீடிக்கவில்லை. உடலுக்கு ஒத்துவராமல் அவர் அதை நிறுத்தவில்லை. புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். தாயின் கணக்கில் முட்டையும் புலால்தான் என்று உணர்ந்ததும் விட்டுவிட்டார். எதை உண்டால் உடலுக்கு நல்லது என்பது அவருக்குச் சோதனைக்குரிய கேள்வி. கொடுத்த வாக்கைக் காப்பதா வேண்டாமா என்பதை அவர் ஒருபோதும் சோதனையில் வைக்கவில்லை.