சுட்ட கத்திரிக்காயும் மிச்ச சரித்திரமும்

டிஸ்கி: சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு, சரித்திரப் பாடம் மாதிரி போய், கடைசியில அம்மா புராணத்துல முடியற பதிவு இது. ஆணி அதிகம் இருக்கறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

போன ஞாயித்துக்கிழமை நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். ஆளுக்கு ஒரு ஐட்டம்னு ஒப்பந்தம். நான் எடுத்துக்கிட்டது பாபா கன்னூஷ். லெபனான், சிரியா பக்கத்து சமாச்சாரம். பெரிய கத்திரிக்காயைத் தோல் கருகற வரைக்கும் தணல்ல சுட்டு, தோலை உரிச்சு, மசிச்சு, பூண்டும் எலுமிச்சம்பழமும் எள்ளு விழுதும் சேர்த்து, மேல ஆலிவ் எண்ணெய் ஊத்தி ரொட்டியைத் தொட்டு சாப்பிடறது. (எள்ளு விழுது போட்டா அது முதப்பல், போடாததுதான் பாபா கன்னூஷ்னு அந்த ஊர்லயே சண்டை உண்டு. நாம நடுவுல போக வேண்டாம்.)

வரேன்னு சொன்னவங்கள்ல ரெண்டு பேர் வரலை. வந்தவங்க பிரியாணியைப் பாத்ததும் கத்திரிக்காய் பக்கமே திரும்பலை. ராத்திரி பாத்தா ஒரு பெரிய டப்பா நிறைய மிச்சம். அந்த நேரம் பாத்து அம்மா போன்.

"என்னடா சாப்ட்ட?"

"சுட்ட கத்திரிக்காய் மசியல்மா. அரபு நாட்டுப் பக்குவம். நிறைய மிஞ்சிப் போச்சு, கொட்டணும்."

"சுட்டதுதானே? அப்ப அது கொத்சுடா. புளியைக் கரைச்சு ஊத்திக் கொதிக்க விடு. கொட்டறானாம், கொட்டறான்."

"அதுல எள்ளு விழுதெல்லாம் இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டுமே. எள்ளு என்ன விஷமா?"

எங்களுக்கு சிதம்பரம் பக்கம். சம்பா சாதமும் கொத்சும் இல்லாம நடராஜர் கோயில் ஞாபகமே வராது. ஆனா பாபா கன்னூஷும் கொத்சும் ஒரே சாமானோட ரெண்டு வெர்ஷன்னு அது வரைக்கும் எனக்குத் தோணினதே இல்லை. மண்டைக்குள்ள வண்டு குடைய ஆரம்பிச்சுது. மறுநாள் லீவு வேற. உக்காந்து படிச்சதுல கிடைச்சது இது.

முதல்ல பேரு. கத்திரிக்காய் நம்ம பக்கத்துக் காய். சமஸ்கிருதத்துல வாதிங்கண. அது பாரசீகத்துக்குப் போய் பாதிங்கான் ஆச்சு, அரபியில பாதின்ஜான். அரபுக்காரங்க ஸ்பெயினுக்குக் கொண்டு போனாங்க. முன்னாடி அல் ஒட்டிக்கிட்டு கட்டலான் மொழியில அல்பெர்ஜீனியா, அதுலேருந்து பிரெஞ்சுல ஓபெர்ஜீன். போர்ச்சுகல்ல பெரின்ஜெலா. போர்ச்சுகீசியர்கள் கப்பல் ஏறி இந்தியா வந்தப்ப அந்தப் பேரையும் கூடவே கொண்டு வந்தாங்க. அதுதான் நாம இங்கிலீஷ்ல சொல்ற பிரிஞ்சால். நம்ம காய்க்கு நாமளே வெளிநாட்டுலேருந்து பேரை இறக்குமதி பண்ணியிருக்கோம்!

இதுல இன்னொண்ணு. தமிழ்ல கத்திரிக்காய்க்குப் பழைய பேர் வழுதுணங்காய். அந்த சமஸ்கிருதச் சொல்லுக்கே மூலம் வழுதுணை மாதிரியான ஒரு திராவிடச் சொல்லா இருக்கலாம்னு சொல்ற மொழியியல்காரங்க உண்டு. ஔவையார் பேர்ல இருக்கற ஒரு தனிப்பாட்டுல, புல்வேளூர் பூதன் அவங்களுக்குப் போட்ட சாப்பாட்டுல வழுதுணங்காயை வாட்டி வெச்ச கறியும் வருது. ஆக, இந்தக் காயை நெருப்புல காட்டற பழக்கம் நமக்கும் புதுசு இல்லை.

அடுத்தது பாக்தாத். 10-ம் நூற்றாண்டுல இப்னு சய்யார் அல் வர்ராக்னு ஒருத்தர் அரபியில ஒரு பெரிய சமையல் நூல் தொகுத்தார். அதுல இப்ராஹீம் இப்னு அல் மஹ்தியோட குறிப்புகளும் இருக்கு. யாருன்னா, கலீஃபா ஹாரூன் அல் ரஷீதோட தம்பி. 817-லேருந்து 819 வரைக்கும் அண்ணன் பையன் அல் மாமூனுக்குப் போட்டியா பாக்தாத்துல தானே கலீஃபான்னு உக்காந்திருந்தவர். அரசியல்ல தோத்தாலும் பாட்டு, கவிதை, சமையல் மூணுலயும் பேர் வாங்கின மனுஷன்.

அவர் பேர்ல வர பக்குவம்: கத்திரிக்காயை முழுசா சுட்டோ வேகவெச்சோ தோல் உரிச்சு, கசப்புத் தண்ணியை வடிச்சு, பொடிப்பொடியா கொத்தணும். வால்நட் பருப்பை அரைச்சு, காடியும் உப்பும் சேர்த்துப் பிசைஞ்சு, அடை மாதிரி தட்டிப் பச்சை வாசனை போக வறுக்கணும். ரெண்டையும் கலந்து சீமை சோம்பு, மிளகு போட்டு, மேல வெங்காயம் தூவணும். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. எள்ளு விழுதுக்குப் பதிலா வால்நட், எலுமிச்சைக்குப் பதிலா காடி. மத்தபடி என் டப்பாவுல இருந்ததுக்குத் தாத்தா அதுதான்.

அந்தக் காலத்து வைத்தியர்களுக்குக் கத்திரிக்காய் மேல நல்ல அபிப்பிராயம் கிடையாது. உடம்புல கரும்பித்தம் ஏறும், மனசு சோர்ந்து போகும்னு எச்சரிச்சாங்க. அப்படியும் யாரும் விடலை. உப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் கசப்பை எடுத்துட்டு சாப்பிட்டாங்க. (டாக்டர் சொன்னா நாம கேக்கறோமா என்ன?)

இதுவரைக்கும் ஜாலியாதான் படிச்சுக்கிட்டிருந்தேன். ஸ்பெயின் வந்ததும் சிரிப்பு போயிடுச்சு.

1478-ல அங்க விசாரணை மன்றம் ஆரம்பமாச்சு. கிறிஸ்தவத்துக்கு மாறின யூதர்கள் வீட்டுக்குள்ள பழைய மதத்தையே பின்பத்தறாங்களான்னு கண்டுபிடிக்கறது அதோட வேலை. எப்படிக் கண்டுபிடிக்கறது? சமையல்கட்டை வெச்சு. பன்னிக் கொழுப்புல சமைக்காம எண்ணெயில சமைச்சாங்களா? சனிக்கிழமை அடுப்பு மூட்டக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமையே சமைச்சு வெச்சு மறுநாள் சாப்பிட்டாங்களா? வேலைக்காரங்களும் பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்து சாட்சி சொன்னாங்க. அந்த சாட்சியங்கள்ல கத்திரிக்காய் பதார்த்தங்களும் வருது. டேவிட் கிட்லிட்ஸ், லிண்டா டேவிட்சன்னு ரெண்டு பேர் அந்த ஆவணங்கள்லேருந்து பக்குவங்களைத் தொகுத்து 1999-ல ஒரு புத்தகமே போட்டிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, நேத்து சமைச்ச கத்திரிக்காயை இன்னிக்கு எடுத்து சாப்பிட்டது ஒருத்தர் மேல குற்றச்சாட்டுல சேருது. என் ஃபிரிட்ஜ்ல இருந்த டப்பாவைத் திரும்ப ஒரு தடவை பாத்தேன்.

மதம் மாறாத யூதர்களுக்கு 1492 மார்ச் 31-ல ஆணை வந்துச்சு. ஜூலை முடியறதுக்குள்ள நாட்டை விட்டுப் போயிடணும். தங்கம், வெள்ளி, நாணயம் எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது. கைப்பக்குவத்துக்கு மட்டும் யாராலயும் தடை போட முடியலை. நிறைய பேர் ஒட்டோமான் சாம்ராஜ்யத்துக்குப் போனாங்க. அவங்க வம்சாவளியில இஸ்தான்புல்ல இருக்கற குடும்பங்கள்ல அல்மோத்ரோத்தேன்னு ஒண்ணு செய்வாங்க. சுட்ட கத்திரிக்காய் மசியல்ல சீஸும் முட்டையும் கலந்து அவன்ல வெச்சு எடுக்கறது. பேரு இன்னமும் ஸ்பானிஷ்தான்.

இந்தப் பக்கம் ஸ்பெயின்ல முஸ்லிம்களையும் கட்டாயமா மதம் மாத்தினாங்க. அப்புறம் 1609-லேருந்து 1614-க்குள்ள அவங்க வம்சத்தையும் வெளியேத்தினாங்க. அடுத்த வருஷம், 1615-ல, செர்வாண்டஸோட டான் கிஹோத்தே ரெண்டாம் பாகம் வருது. கதையை எழுதினவரா சொல்லப்படற அரபு ஆசாமியோட பேர் பெனென்ஹேலி. அதை சாஞ்சோ பெரென்ஹேனான்னு, அதாவது கத்திரிக்காய்னு, தப்பா சொல்லிட்டு மூர்களுக்குக் கத்திரிக்காய்னா பிரியமாச்சேன்னு விளக்கமும் கொடுப்பான். படிச்சவங்க சிரிச்சிருப்பாங்க. அந்தக் கத்திரிக்காயைப் பிரியமா சாப்பிட்டவங்க அப்ப ஊர்ல இல்லை.

துருக்கியில இதே மசியல் அரண்மனைக்கும் போயிருக்கு. ஹுன்கார் பெயெந்தி, அதாவது சுல்தானுக்குப் பிடிச்சது. மாவை வெண்ணெயில வறுத்துப் பால் ஊத்தி, அதுல சுட்ட கத்திரிக்காயும் சீஸும் சேர்த்து, மேல ஆட்டுக்கறி. பிரெஞ்சு மகாராணி யூஜெனி 1869-ல சூயஸ் கால்வாய் திறப்பு விழாவுக்குப் போற வழியில இஸ்தான்புல்ல தங்கினாங்க. அப்ப இதை சாப்பிட்டு அசந்துட்டாங்கன்னு கதை சொல்வாங்க. தங்கினது நிஜம். அசந்தது செவிவழிக் கதை.

வறுமைக்கும் இது உதவியிருக்கு. இஸ்ரேல்ல 1949-லேருந்து 1959 வரைக்கும் ரேஷன். கறி கிடைக்கறது கஷ்டம், கத்திரிக்காய் மலிவு. வெங்காயத்தோட வதக்கி, வேகவெச்ச முட்டையோட மசிச்சு, ஈரல் சாப்பிடற மாதிரி நினைச்சு சாப்பிட்டாங்க. ஈரான்ல காஸ்பியன் கடலோரம் கீலான் பக்கம் மிர்ஸா காசெமி: சுட்ட கத்திரிக்காய், நிறைய பூண்டு, தக்காளி, முட்டை.

ஒண்ணு சொல்லிடறேன். இதெல்லாம் மிச்சத்தைத் தீர்க்கறதுக்காகப் பிறந்த ஐட்டங்கள் இல்லை. ஆனா ஒரு டப்பா மசியல் கையில இருந்தா இத்தனை வழி இருக்குன்னு தெரிஞ்சுது. உடனே பரிசோதனை.

திங்கக்கிழமை: கடாயில தக்காளியை வதக்கி, மசியல்ல ரெண்டு கரண்டி போட்டு, முட்டை உடைச்சு ஊத்திக் கிளறினேன். பூண்டு ஏற்கெனவே இருக்கு. சூப்பர்.

செவ்வாய்க்கிழமை: சீஸ், முட்டை கலந்து அவன்ல வெச்சேன். மசியல் ஃபிரிட்ஜ்ல நீர் விட்டிருந்ததைக் கவனிக்கலை. சொதசொதன்னு ஆயிடுச்சு. தண்ணியை வடிக்கச் சொல்லி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க, நமக்குத்தான் ஏறலை.

புதன்கிழமை: கொத்சு. நல்லெண்ணெயில கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், காஞ்ச மிளகாய் தாளிச்சு, சின்ன வெங்காயம் வதக்கி, புளித்தண்ணி ஊத்தி, மிச்சம் இருந்த மசியல் அத்தனையும் உள்ள. எலுமிச்சைப் புளிப்பு ஏற்கெனவே இருக்கறதால புளியைப் பாதியாக் குறைச்சேன். எள்ளு அடி பிடிக்கும்னு தீயையும் குறைச்சேன். இட்லிக்குத் தொட்டுக்கிட்டா, சத்தியமா சொல்றேன், கோயில் வாசனை.

அம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன். "உங்க பாட்டி கொத்சுக்கு வறுத்துப் பொடி பண்ணுவாங்கடா, அது இல்லாம எப்படி வாசனை வந்துச்சு?"ன்னாங்க. அந்தப் பொடி எங்க வீட்டுல யாரும் எழுதி வெச்சதில்லை. பாட்டி போய் ஆறு வருஷம் ஆச்சு. அம்மா கண்ணை மூடி யோசிச்சு யோசிச்சு சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன்: தனியா, கடலைப்பருப்பு, மிளகாய், கொஞ்சம் வெந்தயம். "இன்னும் ஏதோ ஒண்ணு போடுவாங்க, ஞாபகம் வரலை"ன்னு நிறுத்திட்டாங்க. அந்த இடத்துல ஒரு கோடு மட்டும் போட்டு வெச்சிருக்கேன்.

சிதம்பரம், கடலூர் பக்கத்து மக்களே, உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா அந்த ஒண்ணு என்னன்னு கேட்டு சொல்லுங்களேன்.