சராசரியில் மறையும் சிவப்பு: பட்டுச்சேலைக் கடைகளின் எல்.இ.டி. விவரக்குறிப்பு குறித்து

பட்டுச்சேலைக் கடைக்கு விளக்கு வாங்க எழுதப்படும் விவரக்குறிப்பில் வழக்கமாக நான்கு செய்திகள் இருக்கும்: வாட், லூமென், கெல்வின், ‘சி.ஆர்.ஐ. 80-க்குக் குறையாமல்’. நான்கும் பிசகாமல் நிறைவேறிய கடையிலும் அரக்குச் சேலை பழுப்படித்துத் தெரியலாம். இதற்கு விளக்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்ல முடியாது; கேட்டதைக் கொடுத்திருக்கிறார். கேட்ட விதத்தில் சிவப்புக்கு இடமே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

சி.ஆர்.ஐ. என்பது ஒரு சராசரி. ஒரு விளக்கின் கீழ் எட்டு நிறத் துண்டுகள் எப்படித் தோன்றும் என்பதை, அதே நிறவெப்பநிலை கொண்ட மேற்கோள் ஒளியில் அவை தோன்றும் விதத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். அந்த எட்டுமே வெளிறிய நிறங்கள். அடர்சிவப்பு ஒன்பதாவது துண்டு. ஆர்-9 என்று பெயர். அது கணக்கிடப்படும், ஆனால் சராசரியில் சேராது. ஆகவே சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்கின் ஆர்-9 சுழியை ஒட்டியே நிற்பதுண்டு; எதிர்மறை எண்ணாகவும் இறங்கலாம். குங்குமம், அரக்கு, மெரூன் என்று சிவப்பின் சாயல்களையே நம்பி வியாபாரம் செய்யும் கடைக்கு இந்தச் சராசரியால் என்ன பயன்?

சிவப்பு ஏன் குறைகிறது? வெள்ளை எல்.இ.டி.யின் கருவில் இருப்பது நீலச் சில்லு. 450 நானோமீட்டர் அளவில் அது உமிழும் நீலத்தின் ஒரு பகுதியை மேலே பூசிய பாஸ்பர் மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகின்றன. எளிய பாஸ்பரில் ஆழ்சிவப்பு குறைவு. அதைக் கூட்ட வழியில்லாமல் இல்லை. கூட்டினால் லூமென் குறைகிறது. கண்ணின் உணர்திறனைக் கொண்டு எடைபோட்ட அலகு லூமென். 555 நானோமீட்டர் பச்சையோடு ஒப்பிட்டால் 650 நானோமீட்டர் சிவப்புக்குக் கண் காட்டும் உணர்வு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எனவே சிவப்பில் செலவிடும் ஒவ்வொரு வாட்டும் ஆய்வுக்கூட அறிக்கையில் வீணாகவே பதிவாகும். நம் நட்சத்திரக் குறியீடும் எல்.இ.டி. விளக்குகளை வாட்டுக்கு இத்தனை லூமென் என்றே தரம் பிரிக்கிறது. கூடவே, குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்றால் நல்ல சிவப்பு தரும் விளக்கு முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். மாங்கனீசு சேர்த்த பொட்டாசியம் புளோரோசிலிகேட் பாஸ்பர் 630 நானோமீட்டரை ஒட்டிக் குறுகிய கோடுகளாக உமிழ்வதால் இந்த இழப்பு இப்போது குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை.

சேலைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி எடுக்கும் இடத்தில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரியும். சேலை பட்டு, துணி பாலியஸ்டர் என்றால் இரண்டுக்கும் சாயம் வேறு. சாயம் வேறானால் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதும் வேறு. சிவப்பு குன்றிய ஒளியில் இரண்டும் ஒரே அரக்காகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்தால் ஒன்று செம்மையாகவும் மற்றது கத்தரிப்பூச் சாயலோடும் பிரிந்து நிற்கும். ‘வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துடறேங்க’ என்று சேலையை வாசல்வரை தூக்கிப் போகும் பெண்களைக் கடைக்காரர் நம்பிக்கையற்றவர்களாகக் கருதுகிறார். விவரக்குறிப்பு செய்யாமல் விட்ட சோதனையைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

மாற்றாக எதைக் கேட்பது? கலிஃபோர்னியாவின் கட்டட எரிசக்தி விதிகள் வீடுகளுக்கான உயர்திறன் விளக்குகளுக்கு சி.ஆர்.ஐ. 90-ஐயும் ஆர்-9 குறைந்தது 50-ஐயும் கேட்கின்றன. வீட்டுக்கே இவ்வளவு என்றால், சேலையை விரித்துக் காட்டும் வெள்ளை விரிப்புக்கு மேலே அதைவிடக் குறைவாகக் கேட்க நியாயமில்லை. இதைக் கடை முழுக்கப் போடவும் வேண்டாம். மாடிப்படிக்கும் சரக்கறைக்கும் 80 போதும். அங்கே மிச்சமாகும் மின்சாரத்தை விரிப்பின்மேல் செலவிடலாம்.

ஆனால் சிவப்புக்குக் கீழ்வரம்பு மட்டும் வைத்தால், அதை மிகைப்படுத்திக் காட்டும் விளக்கு உள்ளே வந்துவிடும். இறைச்சிக் கடைகளில் கறியைச் செக்கச்செவேலென்று காட்டும் விளக்கைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். டி.எம்.-30 என்ற அமெரிக்க அளவீட்டு முறை இங்கே உதவுகிறது. 99 நிறங்களைக் கொண்டு அது இரண்டு எண்களைத் தருகிறது: ஒன்று உண்மைத்தன்மை, மற்றது நிறச்செறிவு. செறிவு எண் 100-ஐத் தாண்டினால் நிறங்கள் மொத்தத்தில் இயல்பைவிடப் பளிச்சென்று தெரிகின்றன என்று பொருள். இதுவும் சராசரிதான் என்பதால், அம்முறை சிவப்புக்கென்று தனியே தரும் செறிவு மதிப்பையும் கேட்டு, அதற்கு மேல்வரம்பு எழுத வேண்டும்.

ஆயுள், மினுக்கம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். ‘50,000 மணி நேரம்’ என்பது பெரும்பாலும் சில்லின் ஒளி 70 விழுக்காட்டுக்கு இறங்க ஆகும் காலத்தின் கணிப்பு. குறைந்தது 6,000 மணி நேரம் சோதித்து, அதிகபட்சம் ஆறு மடங்குவரை நீட்டிச் சொல்ல விதி இடம் தருகிறது. ஃபால்ஸ் சீலிங் வெக்கையில் முதலில் சாவது பெரும்பாலும் சில்லுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர். அந்த எண் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனவே டிரைவரின் உத்தரவாதத்தைத் தனியே எழுதி வாங்க வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான டிரைவர் நொடிக்கு நூறு முறை மினுக்கும். கைபேசி வழியே நேரலையில் சேலை விற்கும் கடைக்கு அது திரையில் ஓடும் கறுப்புப் பட்டைகள். அந்த வேகத்தில் ஒளியின் ஏற்றத்தாழ்வு 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ஐ.இ.இ.இ. 1789 பரிந்துரையின் குறைந்த இடர் வரம்பு.

ஆய்வுக்கூட அறிக்கையோடு நின்றுவிடாமல், கொள்முதலுக்கு முன் மாதிரி விளக்குகளைக் கடையிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். ஓர் அரக்குச் சேலை, அதற்கென்று எடுத்த இரண்டு ரவிக்கைத் துணிகள், பக்கத்தில் பகல் வெளிச்சம் விழும் வாசல் இருந்தால் போதும். தேர்வான விளக்கின் அளவீட்டு அறிக்கையை ஒப்பந்தத்தோடு இணைத்து, பிற்பாடு மாற்றப்படும் ஒவ்வொரு விளக்கும் அதற்கு இணையாக இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்க்க வேண்டும்.